வரைவது யார், வைத்துக்கொள்வது யார்? நீலகிரி ஊர்களில் பங்கேற்பு முறைகள்

நீலகிரியின் ஏதாவது ஒரு குடியிருப்பைப் பற்றி வெளியாட்கள் எழுதிய அறிக்கையைக் கையில் எடுங்கள். அவர்கள் எந்த வழியாகப் போனார்கள், எந்த மாதத்தில் போனார்கள், யாரிடம் பேசினார்கள் என்பதை அந்த அறிக்கையே காட்டிக்கொடுத்துவிடும். தார்ச்சாலை முடிகிற இடத்தில் இருக்கும் வீடுகளின் குறைகள் பக்கம் பக்கமாக இருக்கும். அங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டிப் போகவேண்டிய வீடுகள் ஒரு வரியில் முடிந்துபோயிருக்கும். பிப்ரவரியில் போனவர்கள் தண்ணீர்த் தட்டுப்பாட்டை எழுதியிருப்பார்கள். ஜூலையில் தேவாலா, பந்தலூர் பக்கம் மழை விடாமல் அடித்து, கூலி வேலை நின்று, அரிசிக்குக் கடன் கேட்டு நடக்கும் வாரங்கள் அதில் இருக்காது. பேசியவர் பெரும்பாலும் ஊர்த் தலைவராக இருப்பார்.

இது நீலகிரிக்கு மட்டும் உரிய குறை இல்லை. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தை ஒட்டிய வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் சேம்பர்ஸ் 1983-லேயே இதை விரிவாக எழுதினார். சாலையோர ஊர்கள், பயணத்துக்கு வசதியான வறண்ட மாதங்கள், பேசத் தெரிந்த வசதியான ஆண்கள், ஏற்கெனவே திட்டம் நடக்கும் இடங்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டே வெளியாட்கள் திரும்புகிறார்கள், கடைக்கோடியில் இருப்பவர் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை என்றார். 1970-களில் நம் வட ஆற்காடு மாவட்டத்தின் நெல் சாகுபடி ஆய்வில் வேலை செய்தவர் அவர். அவர் சொன்னது தமிழ்நாட்டு மண்ணையும் பார்த்துத்தான்.

ஓர் ஊரை அறிய அப்போது இருந்த வழிகள் இரண்டு. நீளமான கேள்விப் படிவத்தை வீடு வீடாக நிரப்பி, முடிவு வருவதற்குள் ஊர் நிலைமையே மாறிவிடும் கணக்கெடுப்பு ஒன்று. ஜீப்பில் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும் பார்வையிடல் இன்னொன்று. இவற்றுக்கு நடுவே, 1970-களின் இறுதியில் 'விரைவு ஊரக மதிப்பீடு' என்ற முறை உருவானது. 1985-ல் தாய்லாந்தின் கோன் கேன் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு பன்னாட்டு மாநாடு நடந்தது. அதிலும் கேட்டவரும் எழுதியவரும் வெளியாட்களே. 1988 வாக்கில் குஜராத்தில் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டமும், அடுத்து கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனமும், அதே காலத்தில் கென்யாவில் சிலரும் இதைத் தலைகீழாக்கினார்கள். குச்சியும் கோலமாவும் ஊர்க்காரர் கைக்குப் போயின. தரையில் வரைவது, வரைந்ததைச் சுற்றி நின்று வாதாடுவது, முடிவுக்கு வருவது எல்லாம் அவர்கள் வேலை. வெளியிலிருந்து வந்தவர் ஓரமாக உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 'பி.ஆர்.ஏ.' (பங்கேற்பு ஊரக மதிப்பீடு) என்று சொல்வது இதைத்தான். தங்கள் நிலையைத் தாங்களே அலசி அறியும் வல்லமை ஏழை மக்களுக்கு உண்டு என்று, பிரேசிலில் எழுத்தறிவு வகுப்புகள் நடத்திய பாவ்லோ ஃப்ரெய்ரே வற்புறுத்திய எண்ணம் இதன் வேர்களில் ஒன்று.

சமவெளி ஊர்களுக்கென்று எழுதப்பட்ட பயிற்சிக் கையேட்டை அப்படியே தூக்கிக்கொண்டு மலைக்கு வந்தால் முதல் நாளே இடறும். 'ஊர்ப்படம் வரையுங்கள்' என்கிறது கையேடு. எது ஊர்? படகர்களின் ஹட்டிக்குத் தெளிவான எல்லை உண்டு. கோயிலும் மைதானமும் வரிசை வீடுகளுமாக அது கண்ணுக்குத் தெரியும். தோடர்களின் மந்து சில வீடுகளே கொண்டது, ஆனால் அதன் மேய்ச்சல் நிலமும் புனித இடங்களும் மலை மலையாகப் பரந்து கிடப்பவை. ஹட்டிக்குக் கீழே சரிவில் இருளர்களோ குறும்பர்களோ இருப்பார்கள். எஸ்டேட் எல்லைக்குள் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருக்கும். 1964-ன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள், அவர்களுக்காகவே தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிக் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பகுதிகளில் வாழ்கிறார்கள். இத்தனை பேரும் ஒரே ஊராட்சியின் ஒரே வார்டில் இருக்கக்கூடும். நடுவில் ஒரு மைதானத்தில் எல்லோரையும் கூட்டி 'வரையுங்கள்' என்றால், மைதானம் யாருடையதோ அவர்கள் வரைவார்கள். லயன் வீடுகள் ஓரத்தில் ஒரு கட்டமாகிவிடும். அதனால் மலையில் முதல் வேலை, எத்தனை ஊர்கள் இங்கே இருக்கின்றன என்று கேட்பது. தனித்தனியே வரைந்துவிட்டு, எல்லோரும் சம்மதித்தால் பிறகு ஒன்றாக விரித்துப் பார்க்கலாம்.

ஒரே குடியிருப்புக்குள்ளும் படங்கள் வேறுபடும். ஆண்கள் வரையும் படத்தில் சாலை, பேருந்து நிறுத்தம், டீக்கடை, இலை எடை போடும் இடம் ஆகியவை பெரிதாக வரும். பெண்களின் படத்தில் ஊற்று, விறகுக்குப் போகும் பாதை, அந்தப் பாதையில் கரடி நிற்கும் திருப்பம், இருட்டிய பிறகு வெளியே போக ஒதுங்குமிடம் இல்லாத பகுதி ஆகியவை வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியை வரைந்தால், எந்த இடத்தில் காட்டெருமை நிற்கும், எங்கே யானை வந்தால் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை என்பது தெரிந்துவிடும். பந்தலூரில் ஒரு பிள்ளை ஏன் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை என்ற கேள்விக்கு, வருகைப் பதிவேட்டைவிட இந்தப் படம் நேர்மையான பதிலைத் தரும்.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது பருவ நாட்காட்டி. பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கட்டங்கள் தரையில் போட்டு, மழை, வேலை, கூலி, கடன், காய்ச்சல், காட்டுப் பொருள், விசேஷம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் அவரை விதையோ கற்பூர மர (யூகலிப்டஸ்) காயோ எண்ணி வைப்பார்கள். நீலகிரியில் இதை இரண்டு இடங்களில் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு மாவட்டத்துக்குள் இரண்டு நாடுகள் தெரியும். மேற்கே கூடலூரும் பந்தலூரும் குந்தா மலைகளும் தென்மேற்குப் பருவமழையில் நனைபவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. கிழக்கே கோத்தகிரியும் குன்னூரும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பவை. ஒரே தேதியில் மாவட்டம் முழுவதும் ஒரு திட்டத்தைத் தொடங்கும் உத்தரவு, பாதி மாவட்டத்துக்கு எப்போதும் தவறான மாதத்தில்தான் வரும்.

அதைவிட முக்கியம், வரிசைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் விதம். கோத்தகிரிச் சரிவில் இருளர், குறும்பர் குடும்பங்களுக்கு ஏப்ரல், மே மாதங்கள் தேன் எடுக்கும் காலம். டிசம்பரிலிருந்து காபிப் பழம் பறிப்பு. நடுவில் நெல்லி, கடுக்காய், சிகைக்காய், சீமாறு என்று காடு தருவது வெவ்வேறு மாதங்களுக்குச் சிதறியிருக்கும். கூடலூர்ப் பக்கம் பணியர் பழங்குடிக் குடும்பங்களின் ஆண்டு முழுக்கத் தோட்டக் கூலியில் நிற்கிறது. அவர்கள் நாட்காட்டியில் ஜூன் கடைசியில் கூலி வரிசை காலியாகும், கடன் வரிசையில் விதைகள் குவியும், அதே கட்டங்களில் காய்ச்சல் வரிசையும் நிறையும். இதைக் கண்ணால் பார்த்தபின் ஒரு சுயஉதவிக்குழு, கடன் திருப்பிச் செலுத்தும் தவணையை மாதாமாதம் ஒரே அளவில் வைக்காது. யாரும் பாடம் எடுக்காமலே, விதைகளை வைத்தவர்களே அதைக் கண்டுபிடிக்கிறார்கள். இந்த முறைகளைக் 'கற்றல்' என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இதுதான்.

குறுக்கு நடை எளியது. மேட்டிலிருந்து பள்ளம் வரை ஊர்க்காரர்களோடு நடந்து, மண், தண்ணீர், பயிர், உடைமை, பிரச்சினை என்று நின்று நின்று குறித்துக்கொள்வது. சோலை, சீகை (வாட்டில்) மரக்காடு, தேயிலை, காரட், ஓடை என்று ஒரு மலைச்சரிவின் அடுக்குகள் அத்தனையும் ஒரு முற்பகலில் காலடியில் வந்துவிடும். கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா போன்ற காய்கறிப் பள்ளத்தாக்குகளில் மேலே அடிக்கும் மருந்து கீழே யார் குடத்தில் இறங்குகிறது என்ற பேச்சு, கூட்ட அறையில் எழாது. ஓடைக்கரையில் நிற்கும்போது தானாக எழும்.

தரவரிசை முறையில் வரும் சிக்கலுக்குச் சீகை மரமே சரியான எடுத்துக்காட்டு. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் கொண்டுவந்து நட்ட இந்த ஆஸ்திரேலிய மரம் இன்று புல்வெளிகளை விழுங்கிவிட்டது. அதை அகற்ற வேண்டும் என்று சூழலியலாளர்கள் பலர் சொல்கிறார்கள். புல்வெளி போனால் ஊற்றும் போகும் என்பதால் என் கருத்தும் அதுவே. ஆனால் பெண்களிடம் மரங்களின் பெயரை ஒரு பக்கமும், விறகு, வேலி, நிழல், தண்ணீர், தீவனம் ஆகியவற்றை மறுபக்கமும் எழுதி விதை வைக்கச் சொன்னால், விறகுக் கட்டத்தில் சீகைக்கு எதிரே விதைகள் குவியும். தண்ணீர்க் கட்டத்தில் அதே மரத்துக்கு ஒன்றும் விழாது. சீகை கெட்டது என்பதும் சீகைதான் அடுப்பை எரிக்கிறது என்பதும் அவர்களுக்கு ஒருசேரத் தெரியும். மரத்தை வெட்டும் திட்டம் அடுப்புக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்ற முடிவு அந்தக் கட்டங்களிலிருந்தே கிடைக்கிறது.

ஊருக்கு முக்கியமான அமைப்புகளை வட்டமாக வெட்டி வைக்கும் முறைக்கு இந்தியப் பணியாளர்கள் 'சப்பாத்திப் படம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வட்டத்தின் அளவு முக்கியத்துவம். ஊரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறார்கள் என்பது நெருக்கம். கூடலூரில் இதைச் செய்தால் வனத்துறையும் வருவாய்த்துறையும் மிகப் பெரிய வட்டங்களாக, மிகத் தொலைவில் போய் விழுவதில் வியப்பில்லை. ஜமீன் போன்ற ஜன்ம நில உடைமையை ஒழித்த 1969-ன் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் தீராத 'பிரிவு 17' குத்தகை நிலங்களில் பல வீடுகளுக்கு மின் இணைப்புக்கே வழக்கு நடக்கும் ஊர் அது.

ஊரில் நடந்தவற்றை ஆண்டு வரிசையில் ஒரு கோட்டில் குறிக்கும் 'வரலாற்றுக் கோடு' என்ற முறையை ஏனோ பலரும் சடங்காக நினைக்கிறார்கள். நீலகிரியில் அது உயிர் காக்கும் முறை. 1978, 1979 மண்சரிவுகள், 1993 நவம்பரில் மரப்பாலம் என்ற இடத்தில் நடந்த சரிவு, 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்த சரிவுகள் ஆகியவற்றைக் கோட்டில் குறித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் தண்ணீர் எங்கே பீறிட்டது, எந்த ஓடை தடம் மாறியது, அந்த ஓடை மேல் இன்று யார் வீடு நிற்கிறது என்று மூத்தவர்களைக் கேட்க வேண்டும். நிலவியல் துறையின் அபாயப் படம் மாவட்டத்துக்கு எழுதப்பட்டது. எந்த வீட்டின் பின்சுவரில் மழைக்காலத்தில் கசிவு தொடங்கும் என்பது பக்கத்து வீட்டு அம்மாவுக்குத்தான் தெரியும். இரண்டும் ஒரே மேசைக்கு வரவேண்டும்.

இனி, இந்த முறைகளைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவாகப் பேசும் இடத்துக்கு வருகிறேன். படத்தில் போட்டது வெளியே போகும். தேன்கூடு தொங்கும் பாறை எது, மருந்துக்கொடி எந்தச் சோலையில் இருக்கிறது, முன்னோரைப் புதைத்த இடம் எது என்பதைத் தரையில் வரையும்போது அது ஊரின் சொத்து. அதைப் பணியாளர் சார்ட் பேப்பரில் படியெடுத்து, அலுவலகத்தில் கணினியில் ஏற்றி, ஜி.பி.எஸ். புள்ளியோடு அறிக்கையாக்கிவிட்டால் அது யார் வேண்டுமானாலும் போய்ச் சேரும் வழிகாட்டி. வியாபாரிக்குக் கிடைத்தால் கொடி வேரோடு போகும். காப்புக்காட்டுக்குள் யார் என்ன எடுக்கிறார்கள் என்ற அதே விவரம், கெட்ட நேரத்தில் வழக்காகவும் திரும்பலாம். ஆகவே எதை வரையக்கூடாது என்று முடிவெடுக்கும் உரிமையும் பங்கேற்பின் பகுதி. குச்சியைக் கையில் கொடுக்கும் முன்பே, 'இதில் எதை வெளியே சொல்ல வேண்டாம்?' என்று கேட்காத பணியாளர், எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும் ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறவரே.

2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். எண்ணம் அருமையானது, ஊரின் அறிவை ஊரே பதிந்து வைத்து, யாராவது அதைப் பயன்படுத்தினால் பலனில் பங்கு கேட்கலாம். 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31-ஐக் கெடுவாக வைத்த பிறகு நாடெங்கும் பதிவேடுகள் அவசர அவசரமாக நிரப்பப்பட்டன. சில மாதங்களில் லட்சக்கணக்கான பதிவேடுகளை முடிக்க வேண்டுமென்றால், எந்த மூத்தவர் எந்த மரத்தடியில் உட்கார்ந்து நிதானமாகப் பேசியிருக்க முடியும்?

இதற்கு நேர்மாறாக, மக்கள் வரைந்ததற்குச் சட்ட மதிப்பு தருவது 2006-ன் வன உரிமைச் சட்டம். அதன் விதி 13, உரிமைக்குச் சான்றாக அரசு ஆவணங்களை மட்டும் கேட்பதில்லை. மூத்தவர்களின் வாக்குமூலத்தை எழுதி வைக்கலாம். கிணறு, இடுகாடு, புனித இடம் போன்ற அடையாளங்களைக் காட்டலாம். எல்லை வரைபடத்தைத் தயாரிப்பது ஊரின் வன உரிமைக் குழு. 2012 திருத்தத்தின்படி அந்தக் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினரும் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும். கிராம சபையில் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். பி.ஆர்.ஏ. பயிற்சியில் பல ஆண்டுகளாக நல்ல பழக்கமாகச் சொல்லிவந்தது இங்கே சட்டமாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்து, 2016-க்குப் பிறகே நகர்ந்தது. அந்த ஆண்டுகளில் எல்லை தெரிந்த பல மூத்தவர்கள் போய்விட்டார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நீலகிரிக்கென்று இதில் ஒரு தனி முடிச்சும் உண்டு. கூடலூரும் நெல்லியாளமும் நகராட்சிகள். தேவர்சோலை, ஓவேலி, நடுவட்டம், சோலூர் போன்றவை பேரூராட்சிகள். காட்டோரக் குடியிருப்புகள் பல இவற்றுக்குள் அடங்குவதால், ஊராட்சிச் சட்டத்தின் கிராம சபை அவர்களுக்கு இல்லை. வன உரிமைச் சட்டமோ குடியிருப்பு அளவிலேயே, வயது வந்த எல்லோரையும் கொண்ட சபையைப் பேசுகிறது. எந்தச் சபை என்ற குழப்பத்தைச் சாக்காக வைத்து விண்ணப்பம் திரும்பி வராமலிருக்க, பணியாளர்கள் இந்த வேறுபாட்டை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஊராட்சி உள்ள மற்ற இடங்களில் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் பங்கேற்பு முறைகள் அரசு நடைமுறைக்குள்ளேயே வந்துவிட்டன. ஊர் நடையும் வரைபடமும் வழிகாட்டுதலில் இருக்கின்றன. நடப்பது வேறாக இருக்கிறது. முன்பே முடிவான வேலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்ட ஒரு கோலப்படத்தின் போட்டோ தேவைப்படுகிறது. சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் முகாமுக்கு வந்து வரையவைத்துவிட்டு, அந்தச் சார்ட்டைக் கல்லூரிக்கு எடுத்துப்போகிறார்கள். அடுத்த ஆண்டு அடுத்த குழு வந்து அதே ஊரிடம் அதே கேள்விகளைக் கேட்கிறது. ஊர் சலித்துப்போவது நியாயம். இலை பறிக்கப் போகும் பெண்ணுக்கு ஒரு பகல் கூட்டம் என்றால் ஒரு நாள் கூலி நஷ்டம். மாலையில் வைத்தால், முடிந்து திரும்பும்போது தேயிலைக்குள் கரடியும் காட்டெருமையும் இறங்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை சந்தை. கூட்டத்துக்கு நாளும் நேரமும் குறிப்பதையே ஊரிடம் விட்டுவிட்டால், பங்கேற்பின் முதல் பாடம் அங்கேயே தொடங்கும். பேச்சு எந்த மொழியில் நடக்கிறது என்பதும் அப்படியே. இருளரும் குறும்பரும் பணியரும் தங்களுக்குள் பேசும் பேச்சில் படம் வேகமாக வளரும். எழுதிவைக்க அந்த ஊர்ப் பிள்ளையே ஒருவர் இருந்தால் போதும்.

கூடலூரில் 1985-ல் ஆதிவாசிகளோடு வேலை செய்யும் அக்கார்டு அமைப்பு தொடங்கியபோது பி.ஆர்.ஏ. உருவாகியிருக்கவில்லை. ஊர் ஊராகச் சங்கம் கூடி, தங்கள் சிக்கலைத் தாங்களே பேசி, ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டார்கள். 1988 டிசம்பர் 5 அன்று நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூர்த் தெருவில் நடந்தார்கள். பிறகு வந்த ஆதிவாசி மருத்துவமனையிலும் பள்ளியிலும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே நர்சுகளாகவும் ஆசிரியர்களாகவும் பயிற்சி பெற்றார்கள். கோலமாவும் விதையும் சார்ட்டும் இத்தகைய ஒரு சங்கத்தின் கையில் கூர்மையான கருவிகள். சங்கமே இல்லாத ஊரில் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு நாளை அலுவலகத்துக்கு யார் போவார்கள்? ஆகவே இளம் பணியாளர் யாராவது என்னிடம் எந்த முறையில் தொடங்கலாம் என்று கேட்டால், கூடிப் பேசும் பழக்கம் அந்த ஊரில் எப்படி இருக்கிறது, யார் அதில் உட்காருவதில்லை என்று முதலில் பாருங்கள் என்பேன்.

படம் வரைந்து முடிந்ததும் செய்ய வேண்டியவை சிறியவை, ஆனால் தவறவிடக்கூடாதவை. தரையில் உள்ளதை இரண்டு படிகள் எடுக்க வேண்டும். வரைந்தவர்களின் பெயரும் தேதியும் அதில் இருக்க வேண்டும். ஊர் மறைக்கச் சொன்னவை வெளியே போகும் படியில் இருக்கக்கூடாது. முழுப் படி ஊரிலேயே, மழை நனைக்காத இடத்தில், ஊர் நம்பும் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். ஊராட்சி உள்ள ஊர்களில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த நாட்களில் படத்தை எடுத்துப்போய் விரித்து, போன சபையில் கேட்டது எந்த நிலையில் இருக்கிறது என்று அதிலேயே குறித்து, தீர்மானப் பதிவேட்டில் எண் வாங்கிக்கொண்டு வரவேண்டும்.